பீம்ராவுக்கு அஞ்சுக்கு அஞ்சு

பீம்ராவுக்கு இந்த வயதிலும் தலைமுடி கொட்டவில்லை என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று காலடிப்பேட்டையில் சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. இருவர் தலையிலும் முடி நிறைய இருந்த காலத்திலேயே கோதண்டத்துக்கு அவர் மேல் பொறாமை வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒரே வருடம் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கோதண்டம் கிரேன் ஓட்டினார். புளியந்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வந்த பீம்ராவ், கீழே நின்று கைச்சாடை காட்டினார். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலின் வயிறு தெரியாது. கீழே நிற்பவர் கையைப் பார்த்துத்தான் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். பீம்ராவ் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அசைத்தால் அத்தனை இரும்பும் இறங்கும். விரல்களை மடக்கினால் அந்தரத்தில் நிற்கும். மூட்டை பத்திரமாகத் தரை தொட்டதும் கீழே இருப்பவர்கள் பீம்ராவின் முதுகில்தான் தட்டுவார்கள். கூண்டுக்குள் இருப்பவர் முதுகு யாருக்கு எட்டும்?

"கிரேன ஓட்டறது நானா அவனா?" என்று கல்யாணமான புதிதில் கோதண்டம் ராஜாத்தியிடம் கேட்டார்.

"நீதான் ஓட்டற. அவரு ஓட்ட வெக்கிறாரு" என்றாள் ராஜாத்தி. விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலையில் நாளெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டு வந்த களைப்பில் யோசிக்காமல் சொன்னது. கோதண்டம் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ. சங்கத் தேர்தலில் பீம்ராவ் ஜெயித்தார். பீம்ராவின் மகள் அன்புக்கரசி படித்து மாதச் சம்பள வேலைக்குப் போனாள். மனைவியை இழந்த பீம்ராவ், ஓய்வு பெற்றதும் மகளோடு இருக்க வந்த வீடு காலடிப்பேட்டையில், கோதண்டம் வீட்டுக்கு அடுத்த தெரு. சென்னையில் வேறு இடமே காலியாக இல்லாத மாதிரி.

வந்தவர் சும்மா இருந்தாரா? மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் கேரம் மன்றத்தில் கோதண்டத்தின் எதிர்நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இரட்டையர் ஆட்டத்தில் இருவரும் ஒரே கட்சி. கட்சி ஜெயிக்கும். சிவப்புக் காயைப் பையில் போடுவது மட்டும் எப்போதும் பீம்ராவாக இருக்கும்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை ஜெமிமா வந்து கதவைத் தட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் தேரடிக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அறுபது தாண்டியவர்களின் மூளையும் இதயமும் வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகின்றன என்று அளந்து பார்க்கப் போகிறார்கள். செலவு ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு ஒருவர்.

"அடுத்த தெரு பீம்ராவ் அங்கிள் நேத்தே பேர் குடுத்துட்டாரு" என்றாள் ஜெமிமா.

ராஜாத்தி உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் கோதண்டம் தன் பேரைச் சொல்லி முடித்திருந்தார்.

மாடியில் என்னென்னவோ செய்தார்கள். மார்பில் ஒயர் ஒட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். கழுத்தில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி, மூளைக்கு ரத்தம் போகும் குழாயைத் திரையில் பார்த்தார்கள். ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்கவிட்டார்கள். எல்லாவற்றிலும் கோதண்டம் தேறினார். கடைசியில் ஜெமிமா ஐந்து வார்த்தைகளைச் சொன்னாள். கண்ணாடி, தேங்காய், வானம், செருப்பு, மணி. திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னார். பிறகு கடிகாரம் வரையச் சொன்னாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்போ சொன்னேனே அஞ்சு வார்த்த, இப்ப சொல்லுங்க ஐயா."

கண்ணாடி. தேங்காய். வானம். மணி. இன்னொன்று இருந்தது. வாயின் விளிம்புவரை வந்து நின்றது. கோதண்டம் கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். வரவில்லை.

வெளியே வந்து தன் செருப்பைத் தேடினார். தேடும்போதே நின்றுவிட்டார். ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடி, "செருப்பும்மா, செருப்பு" என்றார்.

"நேரம் முடிஞ்சிடுச்சு ஐயா. நாலும் நல்ல மார்க்குதான்" என்று ஜெமிமா சிரித்தாள்.

நல்ல மார்க்குதான். ஆனால் வரிசையில் உட்கார்ந்திருந்த பீம்ராவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. கையில் பட்டை கட்டி ஒரு நாள் முழுக்க ரத்த அழுத்தம் பார்க்கும் சோதனையும் அவருக்கு அந்த வாரமே முடிந்தது. திரையில் அவருடைய கோடு ஏரித் தண்ணீர் மாதிரி ஆடாமல் கிடந்ததாம். வயதுக்கு மீறிய இளமையான மூளை என்று டாக்டர் சொன்னதாகத் தெருவெல்லாம் பேச்சு. மன்றத்தில் கோதண்டம் உள்ளே நுழைந்தால் போதும், பீம்ராவ் குரல் கொடுப்பார்.

"மாமு, செருப்பு பத்திரம்."

சீட்டி அடித்துச் சிரிப்பது அமீர். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்பவர், இரட்டையர் ஆட்டத்தில் இடம் காலியாகுமா என்று வருடக்கணக்கில் பக்கத்து ஸ்டூலில் காத்திருப்பவர்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "பீம்ராவ் அண்ணன் காலைல நடக்கிறாரு, உப்பு கம்மியா துன்றாராம். நீயும் கொஞ்சம் பாருயா" என்றாள் ராஜாத்தி.

"அவரு மூளைய நீயே வச்சிக்கோ" என்றார் கோதண்டம்.

அவருடைய முறை அடுத்த வாரம் வந்தது. ஜெமிமா இடது மேல்கையில் பட்டையைச் சுற்றி, இடுப்பில் ஒரு சின்ன டப்பாவைக் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதுவே பிக் என்று சத்தம் போட்டு இறுக்கும், அளக்கும், தளர்த்தும். இறுக்கும்போது கையை ஆட்டக் கூடாது. குளிக்கக் கூடாது. நாளைக் காலை கொண்டுவந்து தரும்வரை கழற்றக் கூடாது. தூக்கத்திலும் இருக்க வேண்டும், தூக்கத்தில் அளப்பதுதான் முக்கியம் என்று இரண்டு முறை சொன்னாள். எவ்வளவு என்று டப்பா காட்டாது. கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் தெரியும்.

அன்று பகல் முழுக்க கோதண்டம் கோயில் சிலை மாதிரி இருந்தார். பேப்பரைக்கூடப் படிக்கவில்லை, அதில் அரசியல் இருக்கும். மாலையில் கால்கள் அவரைக் கேட்காமல் மன்றத்துக்கு அழைத்துப்போயின.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சிவப்புக் காய் கோதண்டத்தின் கைக்கு நேராக, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழுகிற இடத்தில் இருந்தது. அவர் ஸ்ட்ரைக்கரை வைத்து விரலை மடக்கினார். பிக்.

பட்டை இறுகியது. கையை ஆட்டக் கூடாது.

"இன்னா மாமு, வெண்டிலேட்டர்ல கீறியா?" என்றார் பீம்ராவ். "அடி."

வலது கைதானே என்று கோதண்டம் அடித்தார். காய் பையின் உதட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பலகையின் நடுவுக்கு வந்தது. அடுத்த சுற்றில் பீம்ராவ், வாயில் இருந்த பாக்கைக்கூட மெல்லுவதை நிறுத்தாமல், அதைப் பையில் போட்டார். அமீர் கைதட்டினார். கோதண்டத்தின் காது இரண்டும் சுட்டன. மறுபடி பிக். பட்டை இறுக இறுக அதற்குள் தன் ரத்தம் திம் திம்மென்று இடிப்பதை அவர் கேட்டார். போச்சு. ஏரித் தண்ணீரா இது? எண்ணூர் அலை.

"வயிறு சரியில்ல" என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசற்படியில் ராஜாத்தி முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கோதண்டம் அவளைப் பார்த்தார், கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். இவளுக்கு என்ன டென்ஷன்? வெளியே போகிறாளா, யாரிடமாவது தோற்கிறாளா? இவள் உடம்பில் ஓடுகிற ரத்தம்தான் பீம்ராவை ஜெயிக்கக்கூடியது.

"கைய நீட்டு" என்றார்.

"எதுக்குயா?"

"சொம்மா நீட்டுன்றேன். காலைல கழட்டிக்கிறேன்."

"டாக்டரம்மா திட்டாதா? உன்னுத எனக்குக் கட்டினா இன்னா கணக்கு அது?"

"நீயும் நானும் ஒண்ணுதானே ராஜாத்தி."

அவள் கீரைக்காம்பைக் கிள்ளியபடியே நிமிர்ந்து பார்த்தாள். "இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் இது நெனப்பு வந்துச்சா?"

ஆனாலும் கையை நீட்டினாள். கோதண்டம் ஜெமிமா சுற்றிய மாதிரியே நெருக்கமாகச் சுற்றினார். டப்பாவை அவள் இடுப்பில் புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் செருகினார். கொஞ்ச நேரத்தில் தண்ணி லாரி வந்தது. குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் டப்பா தடுத்ததால் அவள் கையிலேயே தூக்கிக்கொண்டு மாடியேறினாள். ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார். காலையில் அவள் பின்கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை அவருக்குப் புதிதில்லை. ராஜாத்தி என்றாலே அந்த வாசனைதான், மல்லிகைப்பூ மாதிரி அதுவும் அவளுடையது என்றே அவர் நினைத்திருந்தார்.

"தூங்கனியா?" என்றார் பட்டையைக் கழற்றியபடி.

"என்னிக்கி தூங்கனேன்?" என்றாள்.

தேரடிக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினால், உள்ளே பீம்ராவ் உட்கார்ந்திருந்தார். கழுத்து ஸ்கேன் ரிசல்ட்டு வாங்கணுமாம். விட்டால் போகிற ஆளா? டாக்டர் கார்குழலி கோதண்டத்தைக் கூப்பிட்டபோதும் பின்னாலேயே வந்து, கதவோரமாக நின்றுகொண்டார். டாக்டர் சின்ன வயதுக்காரர், பேச்சில் அவசரம் இல்லை. கம்ப்யூட்டர் திரையைக் கோதண்டம் பக்கம் திருப்பினார்.

"பகல் முழுக்க பாருங்க ஐயா, ரொம்ப நல்லா இருக்கு."

கோதண்டம் திரும்பிப் பீம்ராவைப் பார்த்தார். நன்றாகப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

"சாயங்காலம் ஒரு வாட்டி ஏறியிருக்கு, அது பெருசில்ல. அதுக்கப்புறம்தான்..." டாக்டரின் பேனா முனை திரையில் நகர்ந்தது. கோடு ஏறியது. ஏறி, ராத்திரியில் இறங்கவேயில்லை. விடிய விடிய மேலேயே இருந்தது. "தூங்கும்போது பிரஷர் இறங்கணும். அப்பதான் மூளையோட சின்னச் சின்ன ரத்தக்குழாய்களுக்கு ஓய்வு கிடைக்கும். இதுல ராத்திரிதான் அதிகமா இருக்கு. இப்படியே விட்டா பக்கவாதம் வரலாம், ஞாபகமும் குறையும். காலையில பின்னந்தலை வலிக்குமா உங்களுக்கு?"

"இல்லியே" என்றார் கோதண்டம்.

"தூக்கம்?"

"ஜோரா தூங்குவேன்."

டாக்டர் கோட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சில பேருக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி மாத்திரை எழுதினார். ஒரு வாரத்தில் கட்டாயம் திரும்பி வரச் சொன்னார்.

கோதண்டம் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளுக்குள் ஏதோ ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அன்று வாயின் விளிம்பில் நின்ற வார்த்தை மாதிரி. ஆனால் அது வருவதற்கு முன்னால் பீம்ராவின் கை தோளில் விழுந்தது. கனிவான கை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உடு மாமு. எல்லாருக்கும் என்ன மாரி அமையுமா? ஒடம்பப் பாத்துக்கோ. நாயித்துக்கெழம மேட்ச்ல நீ குந்த வாணாம், டென்ஷன் ஆவும். உன் எடத்துல அமீர குந்த வச்சுக்கறேன்."

கோதண்டம் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அது என் பிரஷர் இல்லடா" என்றார். "பகல்ல இருந்துச்சு பாரு, ஜோரா, அதுதான் என்னுது. அப்பால ஏறுச்சே, அது ராஜாத்தியுது. நான்தான் கழட்டி அவளுக்குக் கட்டினேன். எனக்கு ஒண்ணியும் இல்ல, தெரிஞ்சுக்கோ."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். அதன் பிறகு, தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டார்.

பின்கழுத்துத் தைலம். என்னிக்கி தூங்கனேன். கையில் தொங்கிய தண்ணீர்க் குடம்.

பீம்ராவ் சிரிக்கவில்லை. "அப்ப இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்றார்.

கோதண்டம் திரும்பி உள்ளே போனார். டாக்டர் முன்னால் நின்று, வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, பட்டையைக் கழற்றியதைச் சொன்னார். ஏன் கழற்றினார் என்று டாக்டர் கேட்டதற்கு, கதவோரம் நின்ற பீம்ராவைக் காட்டினார். வேறு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. ஜெமிமா தலையில் கைவைத்துக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை.

"அம்மாவை இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார். "அந்த மாத்திரைய நீங்களா அவங்களுக்குக் குடுத்துடாதீங்க. பார்த்துட்டுத்தான் குடுக்கணும்."

கோதண்டம் சாலையில் பாதி தூரம் ஓடிய பிறகுதான் கால் சுட்டது. பின்னால் ஓர் ஆட்டோ வந்து உரசி நின்றது. உள்ளே பீம்ராவ், மடியில் கோதண்டத்தின் செருப்பு.

"ஏறு" என்றார். அன்று செருப்பைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருந்தன்மைகூட கோதண்டத்துக்கு உறுத்தியது.

ராஜாத்தி வர மறுத்தாள். அடுப்பில் குழம்பு இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை, தலைவலி யாருக்கு இல்லை என்றாள். கோதண்டம் கெஞ்சினார், அதட்டினார், கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. வாசலில் நின்ற பீம்ராவ், "தங்கச்சி, அடுப்ப அணச்சிட்டு வாம்மா. குழம்ப நான் துன்றேன் அப்பறமா" என்றார். உடனே அணைத்துவிட்டு வந்தாள். கோதண்டம் ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் தெருவையே பார்த்தார்.

நல்லவேளை, மோசமாக எதுவும் ஆகியிருக்கவில்லை. பட்டையைச் சரியாகக் கட்டி மறுபடி ஒரு நாள் பார்த்தார்கள். ராத்திரிக் கோடு அதே உயரத்தில்தான் இருந்தது. அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள், ஊறுகாயை நிறுத்தினார்கள், தண்ணீர்க் குடத்தைக் கோதண்டத்தின் கைக்கு மாற்றினார்கள். ஆராய்ச்சியைப் பொறுத்தவரை டாக்டர் கண்டிப்பாக இருந்தார். கோதண்டத்தின் பதிவை இனி நம்ப முடியாது, எடுத்துவிட வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் தொடரலாம். யார் என்று அவர்களே சொல்லட்டும்.

கோதண்டத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அடுத்த வருடம் வரும். அஞ்சுக்கு அஞ்சு வாங்கிக் காட்டலாம் என்று அவர் தினமும் காலையில் தேங்காயும் செருப்புமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரை எடுத்தால் அந்தக் கணக்கு அப்படியே நின்றுபோகும். பீம்ராவ் அஞ்சு, கோதண்டம் நாலு, காலாகாலத்துக்கும்.

"ராஜாத்தின்னு எழுதிக்கம்மா" என்றார்.

ஒரு மாதம் போனது. காலடிப்பேட்டையில் ராஜாத்தி எல்லாரிடமும் சொன்ன கதையில், ஆட்டோ கொண்டுவந்தது பீம்ராவ் அண்ணன், அடுப்பை அணைக்க வைத்தது பீம்ராவ் அண்ணன். "அந்த மனுசன் மட்டும் இல்லன்னா" என்று அவள் முடிப்பாள். கோதண்டம் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பட்டையை அவள் கையில் கட்டியது யார் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் வரும் பதிலை நினைத்து வாயை மூடிக்கொள்வார்.

மறுபரிசோதனைக்கு மூவரும் போனார்கள். கூட்டம் அதிகம், உள்ளே ஒருவர்தான் துணைக்கு வரலாம் என்றாள் ஜெமிமா. கோதண்டம் ஆட்டோக்காரருக்குச் சில்லறை தேடிக்கொண்டு கீழே நின்ற நேரத்தில், பீம்ராவ் ராஜாத்தியோடு போய் உட்கார்ந்துவிட்டார். கோதண்டம் மாடியேறி வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நின்றார்.

முதலில் வார்த்தைச் சோதனை. கதவிடுக்கில் ஜெமிமாவின் குரல் கேட்டது. கத்திரிக்காய், ரயில், நிலா, சோப்பு, மாமரம். இப்போது வேறு வார்த்தைகள். கோதண்டம் வெளியிலேயே அவற்றை விழுங்கிக்கொண்டார். உள்ளே ராஜாத்தி கடிகாரம் வரைந்தாள், கழித்தல் கணக்குப் போட்டாள். பிறகு அவளைக் கேட்டபோது அவரும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். கத்திரிக்காய். ரயில். நிலா. மாமரம்.

"சோப்பு" என்றாள் ராஜாத்தி உள்ளே.

பீம்ராவின் கைதட்டல் கேட்டது. "என் கணக்குதான் தங்கச்சிக்கும். அஞ்சுக்கு அஞ்சு."

அடுத்ததாக ஜெமிமா, எண் காட்டும் மேஜை இயந்திரத்தின் பட்டையைக் கட்டினாள். ராஜாத்தியின் முதுகு கதவுப் பக்கம் இருந்தது. இயந்திரத்தின் எண் வெளியே நின்றவருக்குத் தெரியாது. பீம்ராவ் இருந்த இடத்திலிருந்து மட்டும்தான் தெரியும். கோதண்டம் கண்ணாடியில் மூக்கு படும்படி நெருங்கினார். மூச்சு பட்டு அந்த இடம் பனித்தது, துடைத்தார், மறுபடி பனித்தது.

பீம்ராவ் எண்ணைப் பார்த்தார். பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கோதண்டத்தை நிமிர்ந்து பார்த்தார். வலது கையை மார்புக்கு நேராகத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல, மெல்ல, கீழே அசைத்தார்.

இறங்குகிறது.

கோதண்டத்தின் இடது கை, அவரைக் கேட்காமலே, அங்கே இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்துப் பதமாகத் தளர்த்தியது. பீம்ராவின் விரல்கள் மடங்கின. கோதண்டத்தின் கையும் நின்றது. ராஜாத்தி திரும்பி, பீம்ராவைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தாள்.